நடுக்கோடு

கம்பஸில இருந்து வந்த ஆக்கள்
ஒலுமடுப் பள்ளிக்கூடத்தில ஒரு வகுப்பை மறிச்சு
திரையும் கமராவும் பூட்டியிருந்தினம்.
நாடியை ஒரு தாங்கியில வைக்கச் சொல்லிச்சினம்.
கருமணி எங்கயெங்க போகுது எண்டதை
கமரா எழுதிக்கொள்ளுமாம்.
ஆளுக்கு ஐந்நூறு ரூபாயும் ஒரு சோடாவும்.

மயூரதன் எண்ட பெடியன் படம் காட்டினான்.
இடமும் வலமும் ஒத்த படங்கள்:
நண்டு, கோயில் முகப்பு, செட்டை விரிச்ச தும்பி,
ஆரெண்டு தெரியாத ஒரு பொம்பிளையின்ர முகம்.
"யோசிக்காதேங்கோ அக்கா, சும்மா பாருங்கோ."

சும்மா பாக்கிறது எப்பிடியெண்டு
மறந்துபோய்ப் பதினொரு வருசம்.

காலமை ஆறரைக்கு அம்பகாமக் காட்டோரம் நிப்பம்.
முகத்துக்கு முன்னால தொங்கிற கண்ணாடிக்கு
வைசர் எண்டு பேர்.
நாங்கள் விசர் எண்டுதான் சொல்லுறது.
விசரைப் போடு. விசரைத் துடை.
என்ர விசரை ஆரடி எடுத்தது?

விசருக்குள்ளால பாத்தால்
காடு தலை இழுக்காத பிள்ளை.
பாலை ஒரு பக்கம் சரிஞ்சிருக்கும்,
வீரை தன்ர பாட்டில முறிஞ்சு கிடக்கும்,
முதிரைச் சருகு இரண்டு ஒரேமாதிரி விழாது.
அதுக்குள்ள ஒரு வட்டம் தெரிஞ்சால்,
ஒரு நேர்கோடு தெரிஞ்சால்,
அளந்தமாதிரி இரண்டு குழி பக்கத்தில பக்கத்தில தெரிஞ்சால்
கை நிண்டுபோகும்.
ஒத்திருக்கிறதெல்லாம்
ஆரோ வைச்சது.

ஒருநாள் சுவேந்தினி விசில் ஊதினா. வட்டம்.
குரங்கு உடைச்சுப்போட்ட விளாங்காய் ஓடு அது,
பாதி மண்ணுக்க, கவிழ்ந்தபடி.
அது விளாங்காய் எண்டு சொல்ல எங்களுக்கு
நாப்பது நிமிசம் பிடிச்சுது.
பிறகு சிரிச்சம்.
தண்ணி குடிக்கேக்க அவளுக்கு மட்டும் கை நடுங்கினது.

மயூரதன் என்ர கண் போன வழியைத் திரையில காட்டினான்.
சிவப்பு நூல் சிக்கினமாதிரி ஒரு கீறல்.
மற்ற ஆக்களின்ர கண்
படம் வந்த உடன நடுவுக்குப் பாயுதாம்,
நடுக்கோட்டில ஏறி இறங்குதாம்,
ஒரு பாதியைப் பாத்திட்டு
மற்றப் பாதியை நம்பிவிடுதாம்.
"உங்கட கண் விளிம்பில துவங்குது அக்கா.
இடம் முழுக்க. பிறகு வலம் முழுக்க.
நடுவுக்குக் கிட்ட வந்து வந்து திரும்புது."

நண்டையும் கோயிலையும் அந்தப் பொம்பிளையையும்
ஓரத்தில இருந்து மண் சுரண்டிச் சுரண்டி
வந்திருக்கிறன் போல.
மேலயிருந்து அமத்தக்கூடாது. அதுதான் முதல் பாடம்.

மிசின் பிழையோ எண்டு
பெடியன் திரும்ப ஒருக்காப் பூட்டிப் பாத்தான்.

மற்றப் பாதியை நம்புறது.
சைக்கிள் உழக்கி வீட்டுக்கு வரும்வரைக்கும்
அதையே யோசிச்சுக்கொண்டு வந்தன்.
றோட்டின்ர இரண்டு பக்கமும் பார்த்தபடி.

இவர் படலையடியில நிண்டவர்.
போன மாசியில முகவாதம் வந்து
இடப்பக்கம் இறங்கிப்போச்சு.
பஸ்ஸில சனம் இவற்ற வலப்பக்கத்தோட மட்டும் கதைக்கும்.
ஒரு கண் மூடும். மற்றது யோசிச்சு மூடும்.
சிரிப்பு பாதியில நிண்டு
மிச்சத்தைத் தேடும்.

எனக்கு அந்த முகத்தில
விளிம்பில துவங்கத் தேவையில்லை.
ஒண்டுக்கொண்டு ஒத்துவராத முகம்;
ஒருத்தரும் வைச்சிட்டுப் போகாதது.
கண் நேர நடுவுக்குப் போய்
மூக்கில குந்திச்சுது.

"என்னப்பா அப்பிடிப் பாக்கிறாய்?"
"சும்மா."

சோடாவைத் திறந்து குடுத்தன்.
இடக்கடைவாயால வழிஞ்சு
சேட்டில ஒரு வட்டம் விழுந்துது.
ஒரு கணம் என்ர கை நிண்டது.
பிறகு போய்த் துடைச்சன்,
நடுவில இருந்து.